மூன்றாம் எண்காரனின் இடது கை

கோர்தெசானா,
9 செப்டம்பர் 1996

மச்சான் நெரேயோ,

ஆற்றுக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் போனாலே எட்டிவிடக்கூடிய ஒருவனுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறேன். என் தலையெழுத்து. போனில் பேசலாம் என்றால் உன் தங்கை விடமாட்டேன் என்கிறாள். "அவனுக்கு நம்ம ஊர் ஆகலைன்னா, எனக்கும் அவன் ஆகாது" என்று சொல்லி ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிட்டாள். ஒர்னெல்லா ஒன்று சொல்லிவிட்டால் எனக்கு மேல்முறையீடு கிடையாது. அவளை எனக்குக் கட்டிக்கொடுத்தவனே நீதானே, அனுபவி என்று சிரிப்பாய்.

சிரிக்காதே. எனக்கு வயிறு எரிகிறது.

பத்து வருஷம் ஒரே ரக்பி அணியில் ஆடினோம் மச்சான். ஸ்கிரம்மில் நடுவில் நான், என் வலது பக்கம் நீ. முதுகில் எனக்கு இரண்டாம் எண், உனக்கு மூன்றாம் எண். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையைக் கோத்துக்கொண்டு எருமைகள் மாதிரி முட்டும்போது நடுவில் நிற்கிறவனுக்குக் கையே கிடையாது. இரண்டு பக்கத்து ஆட்களின் தோளில் தொங்குகிறவன் அவன். உன் இடது கை என் முதுகைச் சுற்றி வந்து, அக்குளுக்குக் கீழே பனியனை அள்ளிப் பிடிக்கும். அந்தப் பிடி இருந்தால் மலையே முட்டினாலும் எனக்குப் பயமில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு புதுப் பையனை நிறுத்தியிருக்கிறார்கள். அவன் என்னைப் பிடிக்கிறானா, கிச்சுக்கிச்சு மூட்டுகிறானா என்றே தெரியவில்லை.

நீ விட்டுப் போனது என்ன கிளப் என்று நினைவிருக்கிறதா? சர்க்கரை ஆலைக் குமாஸ்தா ஒருவன் பாதோவாவில் படித்துவிட்டு வரும்போது கோணல் பந்து ஒன்றைக் கொண்டுவந்தான். மூட்டை தூக்குகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரைச் சாக்கைக் கிழித்துத்தான் முதல் பனியன் தைத்தார்கள். ஐம்பத்தொன்றில் வெள்ளம் வந்து ஊரே முழுகியபோது மைதானத்தில் தெரிந்தது கோல் கம்பங்களின் உச்சி மட்டும்தான். இரண்டு தடவை இறுதியாட்டத்துக்குப் போனோம், இரண்டு தடவையும் தோற்றோம். கோப்பை இல்லாவிட்டாலும் மானம் இருந்தது.

அதை விட்டுவிட்டு நீ பியேவெரோட்டாவுக்குப் போய், சோபாக் கம்பெனி பேரை மார்பில் ஒட்டிக்கொண்டு சம்பளத்துக்கு ஆடுகிறாய். இனிமேல் ரக்பி தொழிலாம், எல்லா நாட்டிலும் அப்படித்தானாம். தொழில் என்றால் சோபாவிலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதானே?

எல்வியோ


பியேவெரோட்டா,
30 செப்டம்பர் 1996

மாப்பிள்ளை,

உன் டயர் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். வீட்டுக்குப் போட்டால் ஒர்னெல்லா கையால் அடுப்புக்குப் போகும்.

எனக்கு உன்னைப் போல எழுத வராது. இரண்டு விஷயம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று. ஆலையை மூடியபோது ஊர் எனக்கு என்ன செய்தது? முதுகில் தட்டிக் கொடுத்தது. நல்ல ஊர்தான். ஆனால் முதுகில் தட்டுவதைச் சட்டியில் போட்டு வதக்க முடியாது. இங்கே காலையில் எழுந்ததும் ரக்பி. மத்தியானம் ரக்பி. அதற்குச் சம்பளம். மூட்டை தூக்கிவிட்டு, இடுப்பு ஒடிந்து, இருட்டில் பயிற்சிக்கு ஓடிய காலமெல்லாம் நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நான் எப்போதும் விரும்பியது இதுதான். தாமதமாகக் கிடைத்தது. கிடைத்ததை விடமாட்டேன்.

சாப்பாடுதான் கொடுமை. ஒரு பெண்மணி தராசு வைத்துக்கொண்டு நிற்கிறாள். வெறும் பாஸ்தா. சாஸ் கேட்டேன். "உங்க வயசுக்கு அது வேண்டாம்" என்றாள். என் அம்மாகூட அப்படிப் பேசியதில்லை. பயிற்சியாளர் தென்னாப்பிரிக்காக்காரர். நாங்கள் விழுவதை வீடியோ எடுத்து எங்களுக்கே போட்டுக் காட்டுகிறார்.

இரண்டு. இறுதியாட்டம் இரண்டு தடவை இல்லை, மூன்று. எழுபத்தாறில் தோற்றதை நீ விட்டுவிட்டாய். ஐம்பத்தொன்று வெள்ளத்தில் அந்தக் கோல் கம்பத்தில் படகைக் கட்டி, கூரையில் நின்றவர்களை இறக்கியது என் அப்பா. உன் அப்பா அந்தக் கூரையில் நின்றவர். அதனால் மானத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதே.

ஒர்னெல்லா நன்றாக இருக்கிறாளா? நான் கேட்டேன் என்று சொல்லாதே.

நெரேயோ


கோர்தெசானா,
25 நவம்பர் 1996

மச்சான்,

முதலில் நீ சிரிப்பதற்கு ஒரு செய்தி. நாங்களும் தொழில்முறைக் கிளப் ஆகிவிட்டோம். பணம் போடுகிறவர் பன்றித் தீவன வியாபாரி. இனி பனியனில் சர்க்கரை ஆலைச் சின்னம் இருந்த இடத்தில் ஒரு பன்றி, அதுவும் இளிக்கிற பன்றி. உன் சோபாவைக் கேலி பண்ணிய வாயால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒர்னெல்லா பனியனைத் துவைத்துவிட்டு, "நல்ல வேளை, உன் மூஞ்சியைப் போடல, வித்தியாசம் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

இப்போது சிரிப்பை நிறுத்து.

நேற்று உங்கள் ஊரில் நடந்த ஆட்டத்தில், விரல் முறிந்ததால் நான் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் உன் ஸ்கிரம்மை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே இருந்தால் புல்லும் எதிராளியின் காதும்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் கை தெரிகிறது. இரண்டாவது பாதியில் உங்கள் நடு ஆளைப் பிடித்திருந்த உன் இடது கை இரண்டு தடவை நழுவியது. நழுவவில்லை, விழுந்தது. மாட்டின் வால் மாதிரித் தொங்கியது. பிறகு நீ அதை வலது கையால் தூக்கி வைத்தாய்.

ஆட்டம் முடிந்து, மூன்றாம் பாதி என்று நாம் சொல்கிற விருந்துக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டு ஊர் முன்வரிசையும் ஒரே மேஜை, உள்ளூர் அணியின் மூன்றாம் எண்காரன்தான் வந்தவர்களுக்குச் சலாமே இறைச்சியை வெட்டிப் போட வேண்டும். நீ ஒற்றைக் கையால் வெட்டினாய். மற்றவர்கள் குடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை. நீ என் தட்டில் துண்டைப் போட்டபோது என்னைப் பார்க்கவே இல்லை.

போன வருஷம் கடைசி ஆட்டத்திலும் ஒரு தடவை உன் பிடி விட்டது. கேட்டேன். "வேர்வைடா" என்றாய். நம்பினேன். வேர்வைக்குக் கை செத்துப் போகாது மச்சான். அது கழுத்து. டாக்டரிடம் போ. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடாமல் போ.

எல்வியோ


பியேவெரோட்டா,
12 டிசம்பர் 1996

எல்வியோ,

கிழிக்கவில்லை. கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவினேன்.

குளிர். கை மரத்துப் போனது. அவ்வளவுதான்.

உனக்கு ஏன் திடீரென்று என் மேல் இத்தனை அக்கறை? செப்டம்பரில் நான் மானங்கெட்டவன். நவம்பரில் நோயாளி. நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் உங்களை உதைத்து அனுப்பினோம், அதுதான் நடந்தது. மூன்றாம் எண்காரன் உட்கார்ந்துவிட்டால் எங்கள் ஸ்கிரம் பாதி போய்விடும். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பன்றித் தீவனக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

இங்கே ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம்தான். டாக்டர் ஒரு வார்த்தை எழுதினால் அந்த நிமிஷமே என் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். பிறகு நான் எங்கே போவது? ஆலை இல்லை. ஊரில் என் தங்கையே என் பேரைச் சொல்வதில்லை. எனக்கு இருப்பது இந்த ஆட்டம் ஒன்றுதான். அதையும் பிடுங்க வராதே.

இனி எழுதாதே.

நெரேயோ


கோர்தெசானா,
19 மே 1997

மச்சான்,

எழுதாதே என்றாய். ஐந்து மாதம் எழுதவில்லை. உன் சொல்லை நான் இவ்வளவு காலம் கேட்டது உலக அதிசயம். இனி முடியாது. ஏனென்று உனக்கே தெரியும். அரையிறுதியில் நாங்களும் ஜெயித்துவிட்டோம், நீங்களும் ஜெயித்துவிட்டீர்கள், சனிக்கிழமை பாதோவாவில் இறுதியாட்டம்!

ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாதிரியார் பூசையில் நம் பனியன் நிறத் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். என் கடையில் டயர் மாற்ற வருகிறவர்கள் டயரைப் பற்றிப் பேசுவதே இல்லை. தோபனின் என்கிற நம் கிளப் செயலாளர், தான் எழுதிய கிளப் வரலாற்றுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்காமல் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார். "இந்தத் தடவை தோத்தீங்கன்னா அந்தப் பக்கத்துல உங்க எல்லார் பேரையும் போட்டு, கீழே இவனுங்களாலதான்னு எழுதிடுவேன்" என்று மிரட்டுகிறார். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால். கிளப் பிறந்ததிலிருந்து வராத கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அணிக்குக் கேப்டன் நான்!

ஆனால் எதிரே நீ நிற்கிறாய்.

பிப்ரவரியில் இங்கே நடந்த ஆட்டத்துக்கு நீ வரவில்லை. முதுகு வலி என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். எனக்கு மட்டும் வேறு வலி என்று தெரியும். சனிக்கிழமை ஸ்கிரம்மில் உன் தலை எங்கே வரும்? எனக்கும், என் இடது பக்கம் நிற்கிற எங்கள் முதலாம் எண்காரனுக்கும் நடுவில். உன் இடது காது என் இடது காதில் உரசும். நான் முட்டுகிற ஒவ்வொரு முட்டும் உன் கழுத்தில்தான் இறங்கும்.

நேற்று எங்கள் பயிற்சியாளர் கஸ்பரின் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "நீ பத்து வருஷம் அவன் பக்கத்துல நின்னவன். அவனை எங்க அடிச்சா சாய்வான்?" ஒரு வார்த்தை போதும். வார்த்தை நாக்கில் இருந்தது. "அவன் எங்கயும் சாய மாட்டான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னை நம்பினாரா தெரியவில்லை.

நான் மெதுவாகத் தள்ளுவேன் என்று வாக்குத் தர மாட்டேன். எனக்குப் பின்னால் ஒரு ஊரே தள்ளுகிறது. முக்கால் தள்ளு, அரைத் தள்ளு என்று ஸ்கிரம்மில் கிடையாது, உனக்குத் தெரியாததா? அதனால்தான் கெஞ்சுகிறேன். இந்த ஒரு ஆட்டம் வேண்டாம். டாக்டரிடம் சொல். என்னைத் திட்டு, என் கடைக்கு வந்து என்னை அடி, ஆனால் சனிக்கிழமை அந்த இடத்தில் நிற்காதே.

எல்வியோ


பியேவெரோட்டா,
22 மே 1997

மாப்பிள்ளை,

தபாலில் போட்டால் ஆட்டம் முடிந்துதான் வரும். ரொட்டி வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் ஆடுகிறேன்.

உன் பயிற்சியாளரிடம் நீ சொன்ன பதிலைப் படித்தேன். டிசம்பரில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நீ முழுசாகத் தள்ள வேண்டும். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தாய் என்றால் எனக்குத் தெரியும். உன் தோளின் கனம் எனக்கு அத்துப்படி. அப்படிச் செய்தால் சாகும் வரை உன் வாசல் மிதிக்க மாட்டேன்.

நன்றாகச் சாப்பிடு. காலி வயிற்றோடு வந்தால் உன்னைத் தூக்கி உன் பாதிரியார் மடியில் எறிவேன்.

நெரேயோ


கோர்தெசானா,
26 மே 1997

மச்சான்,

எந்த ஆஸ்பத்திரியில் எந்த மாடி என்றுகூட உங்கள் கிளப்பில் சொல்ல மறுக்கிறார்கள். பாதோவா ஆஸ்பத்திரி என்று மட்டும் போட்டு அனுப்புகிறேன். உன் பருமனுக்கு அவர்களே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? என்னைத் தோளில் தூக்கி ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். கிணற்றில் ஒயினை ஊற்றினார்கள். பன்றித் தீவனக்காரர் அழுதார். பாதிரியார் அவரைவிட அதிகமாக அழுதார். கோப்பை என் கடை ஜன்னலில், இரண்டு டிராக்டர் டயருக்கு நடுவில் இருக்கிறது. குழந்தைகள் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கிறார்கள். நானும் வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

சொன்னபடி முழுசாகத்தான் தள்ளினேன். முதல் ஸ்கிரம்மில் என் விலா எலும்பு உன் பேரைச் சொல்லிக் கத்தியது. நீ ஒரு அங்குலம் நகரவில்லை. நடுவில் தலை தூக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டாயே, எனக்குச் சிரிப்பு வந்து மூச்சே போய்விட்டது. இத்தனை மாதம் இந்தக் குரலை எப்படி விட்டுவிட்டு இருந்தேன் என்று இருந்தது.

கடைசி நிமிஷத்தை நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கிரம், பந்து உங்களுடையது. நாங்கள் பிடித்து நின்றால் கோப்பை எங்களுக்கு, நீங்கள் தள்ளிவிட்டால் உங்களுக்கு. காது காதில் உரசியது. அப்போது நீ சொன்னாய். கத்தவில்லை, பக்கத்தில் படுத்திருக்கிறவனிடம் சொல்வது மாதிரிச் சொன்னாய். "எல்வியோ, கை போச்சுடா. கழுத்து தாங்கல."

நான் யோசித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. யோசிக்கவில்லை. எங்கள் முதலாம் எண்காரனைப் பார்த்து "விடுடா!" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்து எழுந்துவிட்டேன். ஸ்கிரம்முக்கு நடுவில் கேப்டன் தூண் மாதிரி நிற்கிறான். விசில். நான் எழுந்தது தப்பு என்று உங்களுக்குப் பெனால்டி; உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, கோப்பை உங்களுக்கு. உதைக்க வந்த உங்கள் அர்ஜென்டினாக்காரன் வருஷம் முழுக்க அதைவிடக் கஷ்டமான உதையெல்லாம் உதைத்துத் தள்ளியவன். நான் குனிந்து உன் கழுத்தை இரண்டு கையாலும் தாங்கினேன், உங்கள் ஆட்கள் நான் உன்னை நெரிக்கிறேன் என்று நினைத்து என்னை இழுத்துத் தள்ளினார்கள். நீ அவர்களை விலக்கிவிட்டு, இடது கையை வலது கையில் ஏந்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேராக டாக்டரிடம் நடந்து போனாய். நீ நடந்துதான் போனாய் என்று நான் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் உதையைப் பார்த்தேன். நடந்து போனதைப் பார்த்த பிறகு எனக்கு எது நடந்தாலும் சரி என்றுதான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, தவற வேண்டும், தவற வேண்டும் என்று எல்லாப் புனிதர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்துவிட்டது மச்சான்!

இப்போது கேள். நான் எழுந்தது தந்திரமாம். நீங்கள் தள்ளி எங்கள் கோட்டில் பந்தை வைத்துவிடுவதற்கு முன்னால் ஸ்கிரம்மைக் கலைத்து, உதைக்கிறவனின் நரம்பைச் சோதித்தேனாம். "இந்த மண்டைக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நினைக்கலடா" என்று கஸ்பரின் என் தலையில் முத்தம் கொடுத்தார். செயலாளர் தோபனின் தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'நமது கேப்டனின் மதிநுட்பம்' என்று எழுதி அச்சுக்கே கொடுத்துவிட்டார். இல்லை ஐயா, இல்லை ஐயா என்று நான் சொல்லச் சொல்ல, தன்னடக்கம் வேறு இருக்கிறது என்று கைதட்டுகிறார்கள். உன்னைக் கேட்காமல் உண்மையைச் சொல்ல எனக்கு மனசில்லை. உன் கழுத்து அது. சொல்லவா வேண்டாமா என்று நீ சொல்.

ஒர்னெல்லா மட்டும் எனக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அத்தனை கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்கண்ணனுக்கு என்ன ஆச்சு? நீ எழுந்தது அவனுக்காகத்தானே?" என்று கேட்டாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அண்ணன் என்ற வார்த்தை. சொன்னேன். அன்றிலிருந்து பெட்டி கட்டுகிறாள், அவிழ்க்கிறாள், ஆஸ்பத்திரிகளுக்குப் போன் பண்ணுகிறாள். எதிர்முனையில் இருக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எல்வியோ


பாதோவா ஆஸ்பத்திரி,
5 ஜூன் 1997

மாப்பிள்ளை,

உன் பெண்டாட்டி வந்து போனாள். முதல் அரை மணி நேரம் திட்டினாள். அடுத்த அரை மணி நேரம் அழுதாள். பிறகு இங்கே கொடுத்த சூப்பைச் சுவைத்துப் பார்த்துவிட்டுச் சமையல்காரரைத் திட்டக் கீழே போனாள். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டு வாரமாக அவர் எழுந்ததில்லையாம்.

ஆப்பரேஷன் முடிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இன்னும் ஒரே ஒரு முட்டு விழுந்திருந்தா நீங்க சக்கர நாற்காலியிலதான் உட்கார்ந்திருப்பீங்க. யார் நிறுத்தினாங்க?" என்றார். எதிரணி ஆள் என்றேன். நம்பவில்லை.

விரல் அசைகிறது. நேற்று நர்சின் கையைப் பிடித்து அழுத்திக் காட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்கு அத்தனை சந்தோஷம்.

இனி ஆட முடியாது. கிளப் ஆள் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வலித்தது. வேறென்ன சொல்ல. உங்கள் கிளப்பில் ஸ்கிரம் பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று ஒர்னெல்லா சொன்னாள். இளிக்கிற பன்றியைப் போட்டுக்கொள்ள என் மானம் இடம் கொடுக்குமா என்று யோசிக்கிறேன் என்றேன். "உன் மூஞ்சிக்கு அதுவே அதிகம்" என்றாள். வருகிறேன் என்று கஸ்பரினிடம் சொல்லிவிடு.

அந்தக் கடைசிப் பக்கம் அப்படியே இருக்கட்டும். தோபனினைத் திருத்த வேண்டாம். ஊருக்குத் தந்திரக்காரக் கேப்டன் ஒருவன் இருந்தால் நல்லதுதான். கோப்பையைத் திருடிவிட்டீர்கள் என்று நான் சாகும் வரை சொல்வேன், அதையும் மாற்ற முடியாது.

ஒன்று மட்டும் எனக்கே புரியவில்லை. வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் சொன்னதில்லை. எங்கள் கிளப் டாக்டரிடம் சொல்லவில்லை. நீ கெஞ்சி எழுதியும் உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு மைதானத்தில் என் ஆட்கள் பதினாலு பேர் இருந்தார்கள். என் பக்கத்திலேயே, நான் பிடித்திருந்தவன் ஒருவன் இருந்தான். அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது உங்கள் இரண்டாம் எண்காரனிடம். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, எல்வியோ. கழுத்து போகிறது, பக்கத்தில் உன் காது இருந்தது, சொன்னேன்.

நெரேயோ